என் பயனர் பெயரிலேயே சில பதிவுகள் உள்ள முறைகேட்டை முதலில் யாரிடம் சொல்வது?

பேரேடு (கேள்வி):

வணக்கம். ஒரு பெரிய நிறுவனத்தின் நிதித்துறையில், மாத முடிவுப் பதிவுகளைப் போடும் குழுவில் வேலை பார்க்கிறேன். கடந்த சில காலாண்டுகளாக ஒரே மாதிரியான ஒரு போக்கு கண்ணில் படுகிறது. காலாண்டு முடியும் தறுவாயில் குறிப்பிட்ட சில விநியோகஸ்தர்களின் பெயரில் பெரிய தொகைக்கு இன்வாய்ஸ் போடப்படுகிறது. அந்த விற்பனை அந்தக் காலாண்டின் வருவாயில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் சரக்கு எங்கள் கிடங்கை விட்டு நகர்வதில்லை. அடுத்த காலாண்டின் இரண்டாவது வாரத்தில் அதே விநியோகஸ்தர்களுக்கு, ஏறக்குறைய அதே தொகைக்கு, ‘தரக் குறைபாடு’ என்ற காரணத்துடன் கிரெடிட் நோட் (விற்ற தொகையைக் கழித்துக்கொள்ளும் சீட்டு) எழுதப்படுகிறது. கிடங்கை விட்டே போகாத சரக்கில் தரக் குறைபாட்டைக் கண்டது யார் என்று மேலாளரிடம் கேட்டபோது, “அதெல்லாம் மேலே பேசியாகிவிட்டது, நீங்கள் பதிவைப் போடுங்கள்” என்று முடித்துக்கொண்டார்.

அந்தப் பதிவுகளில் சில என் பயனர் பெயரில் போடப்பட்டவை என்பதுதான் என் சங்கடம். நிறுவனத்தில் பெயர் சொல்லாமல் புகார் அளிக்கும் தொலைபேசி எண் ஒன்று உண்டு. அதன் சுவரொட்டி மின்தூக்கியின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. அதை நம்பலாமா, அல்லது நேராகப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திற்கு எழுதுவதா? இத்தகைய நிலைமையைப் பார்த்தவர்கள், குறிப்பாகத் தணிக்கை, சட்டத் துறைகளில் இருப்பவர்கள், வழி சொல்ல வேண்டுகிறேன்.

---

உள்தணிக்கை:

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான முன்மாதிரி வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம். அந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உள்தணிக்கைத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பரின் துணிச்சலோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியமானது அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இடைநிலைப் பொறுப்பில் இருந்த பெட்டி வின்சனின் கதை.

மற்ற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்துவதற்காகக் கொடுக்கும் கட்டணம் நடப்புச் செலவு. அது அந்தந்தக் காலாண்டின் இலாபத்திலிருந்து கழிய வேண்டும். வேர்ல்ட்காமில் அதை மூலதனச் செலவாக மாற்றி எழுதினார்கள். அப்படி எழுதினால் செலவு பல ஆண்டுகளுக்குப் பரவிவிடும், இலாபம் குறையாது. அந்தப் பதிவுகளை மேலிடத்து உத்தரவின்படி போட்டவர்களில் ஒருவர் வின்சன். முதல் முறையே அவருக்கு உறுத்தியது. வேலையை விட்டுவிட நினைத்தார். “இந்த ஒரு தடவைதான்” என்ற சமாதானத்தைக் கேட்டுத் தங்கிவிட்டார். அதன் பிறகு காலாண்டுதோறும் போட்டார். பின்னாளில் அரசுத் தரப்புடன் முழுமையாக ஒத்துழைத்தும், 2005-இல் அவருக்கு 5 மாதச் சிறையும் 5 மாத வீட்டுக்காவலும் கிடைத்தன. அந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூட அவர் எடுத்துச் செல்லவில்லை. ‘மேலாளர் சொன்னார், நான் செய்தேன்’ என்ற வாதம் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தைத் துடைக்க உதவாது.

இப்போது கூப்பருக்கு வருவோம். அவரது குழு பெரும்பாலும் இரவு நேரங்களில் கணக்கு மென்பொருளில் தேடியது. ஆதரவு ஆவணம் எதுவும் இல்லாத பெருந்தொகைப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய், அவை எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்கிற்குத் தாவுகின்றன என்று பார்த்தது. நிதித்துறைத் தலைவர் ஸ்காட் சல்லிவன் தணிக்கையைத் தள்ளிவைக்கச் சொன்னார். கூப்பர் தள்ளிவைக்கவில்லை, இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போனார். 2002 ஜூன் 25 அன்று நிறுவனம் 3.8 பில்லியன் டாலர் முறைகேட்டை ஒப்புக்கொண்டது. இறுதியில் அது சுமார் 11 பில்லியனுக்கு ஏறியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தணிக்கைக் குழுவின் முன் அவர் வைத்தது “இங்கே மோசடி நடக்கிறது” என்ற வாக்கியத்தை அல்ல. இந்தத் தேதியில், இந்தத் தொகை, இந்தக் கணக்கிலிருந்து இந்தக் கணக்கிற்கு, ஆதாரச் சீட்டு எதுவும் இல்லாமல் நகர்ந்திருக்கிறது என்பதைத்தான் வைத்தார். மறுப்பதற்கு யாருக்கும் இடம் இருக்கவில்லை.

உங்கள் விஷயத்திலும் அந்த அளவுக்குக் குறுகலாக நில்லுங்கள். இன்வாய்ஸ் எண், அதற்கு எதிரான வாயில் சீட்டு (சரக்கு வெளியே போனதற்கான சீட்டு) இல்லாமை, கிரெடிட் நோட்டின் எண், தேதி, அதற்கு ஒப்புதல் கொடுத்தவரின் பயனர் பெயர். இந்த ஐந்தும் ஒரு வரியில் நின்றால் போதும். ‘விற்று வைத்திருத்தல்’, அதாவது விற்ற சரக்கை விற்றவரே தம் கிடங்கில் வைத்திருக்கும் ஏற்பாடு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சட்டபூர்வமானதே என்பதையும் மறந்துவிட வேண்டாம். வாங்குபவர் தாமாகவே எழுத்தில் கேட்டு, சரக்கு அவருடையது என்று தனியே ஒதுக்கி அடையாளமிட்டு, உடனே அனுப்பும் நிலையில் வைத்திருந்தால் அதை விற்பனையாகக் கொள்ளக் கணக்கியல் தரங்கள் இடம் தருகின்றன. நீங்கள் பார்த்ததில் அந்தக் கடிதம் இருந்ததா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த காலாண்டுகளில் அதே ஆட்களுக்கு அதே அளவில் கிரெடிட் நோட் போவதைப் பார்த்தால் இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் எண்ணமும் உங்கள் எண்ணமும் சான்று ஆகாது.

உள்ளேயே சொல்வதென்றால் மேலாளருக்கு மேலே இருக்கும் மேலாளரிடம் போக வேண்டாம். தணிக்கைக் குழுத் தலைவரிடம் போங்கள்.

---

மூன்றாம் சாட்சி:

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். இருந்தாலும் ‘உள்ளே சொல்’ என்ற அறிவுரை எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனத்தில் மசஹாரு ஹமதா என்ற ஊழியர் 2007-இல் நிறுவனத்தின் புகார் பிரிவிடம் ஒரு முறையற்ற செயலைப் பற்றித் தெரிவித்தார். அந்தப் பிரிவு அவருடைய பெயரை அவருடைய மேலதிகாரிக்கே தெரிவித்துவிட்டது. அவரைத் தொடர்பே இல்லாத வேலைக்கு மாற்றினார்கள். வழக்குப் போட்டு, 2011-இல் டோக்கியோ உயர் நீதிமன்றத்திலும் பிறகு 2012-இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார். இடைப்பட்ட ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. அதே நிறுவனத்தில், 2011 அக்டோபரில், பழைய நட்டங்களை மறைத்த கணக்குகளைப் பற்றிக் கேள்வி எழுப்பிய தலைமைச் செயல் அதிகாரி மைக்கேல் வுட்ஃபர்டையே இயக்குநர் குழு ஒரே கூட்டத்தில் பதவிநீக்கம் செய்தது. தலைமைச் செயல் அதிகாரிக்கே அந்தக் கதி என்றால் பதிவு போடும் குழுவில் இருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் சொல்லாத கடிதம் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு பார்க்லேஸ் வங்கியின் கதையைச் சொல்வேன். 2016-இல் பெயரில்லாமல் வந்த கடிதத்தை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க அதன் தலைமைச் செயல் அதிகாரி ஜெஸ் ஸ்டேலி வங்கியின் பாதுகாப்புப் பிரிவையே முடுக்கிவிட்டார். 2018-இல் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்ட் அபராதம் விதித்தன. அபராதத்தைக் கட்டிவிட்டுப் பதவியில் தொடர்ந்தார்.

மின்தூக்கியில் ஒட்டியிருக்கும் எண்ணை அழைப்பதற்கு முன், அந்தப் பக்கம் தொலைபேசியை எடுப்பவர் யாருக்கு அறிக்கை கொடுக்கிறார் என்று விசாரியுங்கள்.

---

சட்டமேசை:

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ‘உள்ளேயா, வெளியேயா’ என்ற கேள்விக்கு நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதன் பங்குகள் எங்கே பட்டியலிடப்பட்டிருக்கின்றன என்பது தெரியாமல் விடை சொல்ல முடியாது. முதலில் யாரிடம் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பைச் சில நாட்டுச் சட்டங்கள் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். எரிசக்தி நிறுவனமான என்ரானில் ஷெரன் வாட்கின்ஸ் என்ற அதிகாரி, சந்தேகத்திற்குரிய சில பேரங்களைப் பற்றி 2001 ஆகஸ்டில் தலைவர் கென்னத் லேவுக்குக் கடிதம் எழுதி, நேரிலும் சந்தித்தார். விசாரிக்கும் பொறுப்பு, அந்தப் பேரங்களிலேயே என்ரானுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் நிறுவனத்திடம் போயிற்று. சந்திப்பு நடந்து இரண்டு நாட்களில் வெளி வழக்கறிஞர் ஒருவர் நிறுவனத்திற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இப்படிப் புகார் சொல்லும் ஊழியருக்கு டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்பது அதன் சாரம். அதாவது, அவரைப் பணிநீக்கம் செய்தால் என்ன ஆகும் என்று அதற்குள்ளாகவே விசாரித்துவிட்டார்கள். அன்று அது சட்டப்படி சரியான பதில்தான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2002-இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஊழியர் தம் மேலதிகாரியிடம் சொன்னாலும் பாதுகாப்பு உண்டு என்றது. பழிவாங்கப்பட்டால் 180 நாட்களுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிட வேண்டும்; இந்தக் கெடுவைத் தவறவிட்டதாலேயே நல்ல வழக்குகள் வீணாகின்றன.

2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் இன்னும் வலுவான நிவாரணங்களைத் தந்தது. 10 இலட்சம் டாலருக்கு மேல் தண்டத்தொகை விதிக்கப்படும் வழக்குகளில், தகவல் தந்தவருக்கு வசூலாகும் தொகையில் 10 முதல் 30 சதவீதம் வெகுமதி என்றும் சொன்னது. ஆனால் 2018-இல் டிஜிட்டல் ரியால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், பங்குச்சந்தை ஆணையத்திடம் புகார் அளித்தவருக்கே அந்தச் சட்டத்தின் பழிவாங்கல் தடுப்பு பொருந்தும், உள்ளே மட்டும் சொன்னவருக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இதற்கு நடுவே ஒரு வசதி இருக்கிறது. உள்ளே சொன்ன நாளிலிருந்து 120 நாட்களுக்குள் ஆணையத்திடமும் சொல்லிவிட்டால், வெகுமதிக் கணக்கில் முதல் தேதியையே உங்கள் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை வேறு வகையானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் புகார் வழி ஒன்றை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 7 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். 3 மாதங்களுக்குள் என்ன செய்தோம் என்று பதில் சொல்ல வேண்டும். நேராக வெளி அமைப்பிடம் போனாலும் பாதுகாப்பு குறையாது. பத்திரிகைக்குப் போவதற்கு மட்டும் தனி நிபந்தனைகள் உண்டு.

இந்தியாவில் 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் தங்களுக்கும் பொருந்தும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது அரசு ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றியது. தனியார் நிறுவனக் கணக்கு முறைகேட்டிற்கு அது வழியல்ல. உங்களுக்கு உதவக்கூடியது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177-ஆம் பிரிவு. பட்டியலிடப்பட்ட நிறுவனம் விழிப்பு ஏற்பாடு (முறைகேட்டைப் புகார் சொல்லும் வழி) ஒன்றை வைத்திருக்க வேண்டும், தக்க சூழலில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகும் வழி அதில் இருக்க வேண்டும் என்கிறது. பழிவாங்கினால் என்ன தண்டனை என்பதில் அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. என் பார்வையில் இது காகிதக் குடை.

வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட இரகசியக்காப்பு ஒப்பந்தத்தைக் கண்டு மிரள வேண்டாம். கேபிஆர் என்ற அமெரிக்க நிறுவனம், உள்விசாரணையில் பேசியதைச் சட்டத்துறையின் அனுமதியின்றி வெளியில் சொன்னால் வேலை போகலாம் என்று சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. அப்படி எழுதி வாங்கியதே தவறு என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2015-இல் 1,30,000 டாலர் அபராதம் விதித்தது.

உங்கள் பெயரில் உள்ள பதிவுகளைப் பற்றி: அவற்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்ல வேண்டாம். சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கியின் வரி ஏய்ப்பு உதவியை அமெரிக்க அரசுக்குக் காட்டிக்கொடுத்த பிராட்லி பிர்க்கன்ஃபெல்ட், தம்முடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விஷயத்தில் தம் பங்கை முதலில் முழுமையாகச் சொல்லவில்லை என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 40 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2012-இல் அதே அரசு அவருக்கு 104 மில்லியன் டாலர் வெகுமதி கொடுத்தது என்பது வேடிக்கைதான். ஆனால் சிறை முதலில் வந்தது. எனவே எங்கே எழுதுவதற்கும் முன்பு, நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வழக்கறிஞர் ஒருவரிடம், உங்கள் பதிவுகள் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின் சட்டத்துறையில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய கட்சிக்காரர் நிறுவனம், நீங்கள் அல்ல.

---

இணக்கப் பிரிவு:

தொலைபேசியின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ‘இங்கே எல்லோரும் திருடுகிறார்கள்’ என்ற வகையைச் சேர்ந்தவை; அவற்றை வைத்து விசாரணை அதிகாரி எந்தக் கோப்பைத் திறப்பது? ஒரே ஓர் இன்வாய்ஸ் எண்ணோடு வரும் புகாரை மூடிவைப்பது எங்களுக்கே ஆபத்து, ஏனென்றால் பின்னாளில் ஆணையம் வந்தால் அந்த எண் எங்கள் பதிவேட்டில் இருக்கும். எல்லாப் புகார் வழிகளும் ஒலிம்பஸ் ஆகிவிடுவதில்லை.

அதே சமயம், வெளி நிறுவனம் நடத்தும் வழியா, நிதித்துறைத் தலைவருக்கே அறிக்கை போகும் வழியா என்பதை மூன்றாம் சாட்சி சொன்னபடி விசாரித்தே ஆக வேண்டும். நிதித்துறைக்குப் போகுமானால் உங்கள் விஷயத்தில் அந்த எண்ணைத் தொட வேண்டாம்.

---

பேரேடு:

அனைவருக்கும் நன்றி. விற்று வைத்திருக்கும் ஏற்பாட்டிற்கான கடிதம் எந்தக் கோப்பிலும் இல்லை என்பதை என் வேலையின் பகுதியாகவே பார்த்து உறுதி செய்துகொண்டேன். புகார் வழியின் மாதாந்திர அறிக்கை நிதித்துறைத் தலைவருக்குத்தான் போகிறது. ஊழியர் கையேட்டிலேயே அப்படி எழுதியிருக்கிறது. வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஆவணங்களின் நகலை வீட்டிற்கு எடுத்துவரலாமா? முதலில் வேலையை விட்டுவிட்டுப் பிறகு சொல்வது நல்லதா?

---

உள்தணிக்கை:

மொத்தமாக ஆவணங்களை அள்ளிக்கொண்டு வர வேண்டாம். தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் பென் டிரைவில் ஏற்றுவதும் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளில் மறுகணமே தெரியும். உங்களை வெளியேற்றக் காரணம் தேடுபவர்களுக்கு ‘தரவுத் திருட்டு’ என்ற காரணத்தை நீங்களே கையில் கொடுத்தது போல ஆகிவிடும். ஆவண எண்களையும் தேதிகளையும் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாலே பெரும்பாலும் போதும். எண் தெரிந்தால் ஆணையம் ஆவணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்களால் முடியாததை அழைப்பாணையால் செய்ய முடியும். எந்த நகலை எடுக்கலாம் என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். வழக்கறிஞர்களுடன் நிறுவனம் நடத்திய கடிதப் போக்குவரத்தை மட்டும் அறவே தொடாதீர்கள். அது வழக்கையே கெடுக்கும்.

வேலையை விடுவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. விட்டபின் சொன்னால், ‘கோபத்தில் போனவர்’ என்ற முத்திரை எளிதாக விழும். ஆனால் அங்கேயே இருந்துகொண்டு மேலும் பதிவுகள் போடுவது அதைவிட மோசம்.

---

மூன்றாம் சாட்சி:

எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். ரான்பாக்சி என்ற இந்திய மருந்து நிறுவனத்தில் மருந்துச் சோதனைத் தரவுகள் பொய்யாக உருவாக்கப்பட்டதைக் கண்ட தினேஷ் தாக்கூர் 2005-இல் வேலையை விட்டார். அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திற்கு எழுதத் தொடங்கினார். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 மில்லியன் டாலர் செலுத்த உடன்பட்டது 2013-இல். அவருக்கு 48 மில்லியன் டாலருக்கு மேல் கிடைத்தது என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நடுவில் போன எட்டு ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான வழக்குகளில் வெகுமதியும் இருக்காது.

உங்கள் பழைய வாழ்க்கையைக் கிளறுவார்கள் என்பதற்கும் தயாராக இருங்கள். புகையிலை நிறுவனமான பிரௌன் அண்ட் வில்லியம்சன், தன் உள்விவகாரங்களை வெளியில் சொன்ன முன்னாள் ஆராய்ச்சித் துணைத்தலைவர் ஜெஃப்ரி வைகண்டைப் பற்றி 500 பக்கக் கோப்பு ஒன்றைத் தயாரித்துப் பத்திரிகைகளிடம் கொடுக்கப் பார்த்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை ஆராய்ந்து, அதில் பல குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று 1996-இல் எழுதியது. எல்லோருக்கும் அப்படி ஒரு பத்திரிகை வாய்ப்பதில்லை.

---

சட்டமேசை:

வழக்கறிஞரைச் சந்திப்பதற்குள் காலாண்டு முடிவு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த முறை பதிவைப் போடச் சொன்னால், மறுப்பையும் காரணத்தையும் அலுவலக மின்னஞ்சலில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: “இந்த இன்வாய்ஸுக்கான சரக்கு அனுப்பு ஆவணமும், வாங்குபவரின் எழுத்துமூலமான வேண்டுகோளும் கிடைத்தவுடன் பதிவு செய்கிறேன்.” குற்றச்சாட்டு வேண்டாம், கோபம் வேண்டாம், யாருக்கும் பிரதி வேண்டாம். அனுப்பிய தேதியையும் நேரத்தையும் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வாய்மொழியாகப் பதில் வந்தால், “நீங்கள் இன்று சொன்னதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்” என்று மறு மின்னஞ்சல் அனுப்புங்கள். மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைக் குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொண்டால் போதும், அதை வீட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். வழக்கறிஞரிடம் போகும்போது ஊழியர் கையேட்டில் புகார் வழியைப் பற்றிய பக்கத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். உள்வழியை நீங்கள் ஏன் பயன்படுத்தவில்லை என்று நாளை யாராவது கேட்டால், நிறுவனமே அச்சிட்ட அந்தப் பக்கம்தான் உங்கள் பதில்.